திருடன் நாடகமும் சத்நாமியர் பாடலும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, இரவுப் பள்ளிகளின் வரலாற்றையும் மாணவர் விடுதிகளின் வரலாற்றையும் எழுதவே முதலில் எண்ணினோம். அவற்றை நம்மினும் அறிந்த பெரியோர் எழுத ஒப்புக்கொண்டுவிட்டனர் எனப் பின்னர் தெரிந்தது. ஆதலின் நாடக வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டோம். வடபுலத்துச் சத்தீஸ்கரில் நிகழ்ந்தது அது. நம் மக்களைப் போன்றே ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தாரின் பாட்டையும் தாளத்தையும் நடுவாகக் கொண்டது. இயக்குநர் ஒருவர் தம் நாடகத்திற்கு எந்த இசையை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்று எவ்வாறு தெளிந்தார் என்பதே அதன் உட்பொருள்.

இப்பொருள் நம் மனத்தில் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழாவில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே எழுதிய சிறு நாடகம் ஒன்று நடந்தது. நள்ளிரவில் ஏரிக்கரை உடைந்தபோது பறையடித்து ஊரை எழுப்பிக் காத்த ஒரு முதியவரின் கதை அது. வேடம் புனைந்த மாணவனின் பாட்டனாரே பறையடிக்க வந்திருந்தார். இசையைக் கவனிக்க நகரத்திலிருந்து வந்திருந்த ஒருவர், பறையொலி ஒலிபெருக்கிக்கு ஒத்துவராது என்றும், கேட்போர் சாவு வீட்டை நினைத்துக்கொள்வர் என்றும் கூறி, திரைப்படப் பின்னணி இசையை ஓடவிட்டார். சிறப்பு விருந்தினரின் கார் வாயிலில் வந்து நின்ற நேரம் அது. நாம் வாய் திறக்கவில்லை. பறைக்காரரைப் பற்றிய நாடகம் பறையின்றியே நடந்து முடிந்தது. பெரியவர் வேப்பமரத்தடியில் தம் பறையை மடியில் வைத்துக்கொண்டு இறுதி வரை அமர்ந்திருந்தார். காய்ச்சுவதற்கென்று அவர் மூட்டிய வைக்கோல் தீ அணைந்து கிடந்தது. பிள்ளைகளின் நாடகத்தைக் காக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் நாம். காக்கத் தவறினோம்.

நிற்க. ஹபீப் தன்வீர் 1923 ஆம் ஆண்டு இராய்ப்பூரில் பிறந்தவர். ஹபீப் அகமது கான் என்பது இயற்பெயர். தன்வீர் என்பது கவிதைக்கென அவர் சூடிக்கொண்ட புனைபெயர். நாகபுரியில் பட்டம் பெற்று, பம்பாய் சென்று, வானொலியிலும் திரைப்படத் துறையிலும் பணிபுரிந்தார். இந்திய மக்கள் நாடக மன்றமாகிய இப்டாவோடு அங்கேதான் தொடர்பு ஏற்பட்டது. 1954 இல் தில்லியில் அவர் அரங்கேற்றிய 'ஆக்ரா பஜார்' என்னும் நாடகம், இசையைப்பற்றி அவர் கொண்டிருந்த கருத்தினை முதன்முதலாகக் காட்டியது எனலாம்.

அந்நாடகம் நசீர் அக்பராபாதி என்னும் உருதுக் கவிஞரைப் பற்றியது. கவிஞரோ மேடைக்கே வருவதில்லை. கடைத்தெருவொன்று மட்டும் மேடையில் விரிகின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஏழையொருவன் கூவிக் கூவிப் பார்க்கின்றான், வாங்குவாரில்லை. தன் சரக்கின்மீது பாட்டொன்று எழுதித் தருமாறு புலவர்களை இரந்து நிற்கின்றான். கற்றறிந்தோர் எள்ளி நகைக்கின்றனர். இறுதியில் நசீர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடியவாறு வருகின்றான், சரக்கு விற்றுப்போகின்றது. இடையிடையே பக்கிரிகள் நசீரின் கவிதைகளைப் பாடிக்கொண்டு கடந்து செல்கின்றனர். இங்குப் பாட்டு என்பது நடுவே ஒட்டவைத்த அணியன்று. பாட்டை எடுத்துவிட்டால் கதையே இல்லை. படித்த நடிகர்களோடு தில்லி ஜாமியா மில்லியா மாணவர்களும் ஓக்லா சிற்றூர் மக்களும் அதில் தோன்றினர்.

1955 இல் அவர் இங்கிலாந்து சென்று நாடகக் கல்வி பயின்றார். அங்குக் கற்பித்த முறை தம் மொழிக்கும் மண்ணுக்கும் பொருந்தாது என்ற எண்ணமே நாளுக்குநாள் வலுத்தது. பின்னர் ஐரோப்பாவில் சுற்றி, 1956 இல் பெர்லின் நகரை அடைந்தார். எவரைக் காணச் சென்றாரோ அந்தப் பெர்டோல்ட் பிரெக்ட் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே மறைந்துவிட்டார். ஆயினும் பிரெக்டின் குழுவினர் நடத்திய நாடகங்களைப் பல மாதங்கள் தங்கிப் பார்த்தார். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை நிறுத்திவிட்டுப் பாட்டொன்று எழுகின்றது. அப்பாட்டு காண்போனின் உணர்ச்சியைக் கிளறுவதோடு அமையாமல் அவனைச் சிந்திக்கச் சொல்கின்றது. இதனைக் கண்ட தன்வீர் பிரெக்டைப் படியெடுக்க விரும்பினாரல்லர். அவரவர் தத்தம் மண்ணின் மரபுக்குத் திரும்புவதே பிரெக்டிடமிருந்து கற்கத்தக்க பாடம் என்னும் முடிவோடு ஊர் திரும்பினார்.

1958 இல் இராய்ப்பூருக்கு வந்தவர், தாம் இளமையிற் பயின்ற பள்ளியின் மைதானத்தில் இரவு முழுதும் நாச்சா நடக்கவிருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்று அமர்ந்தார். நாச்சா என்பது நம் தெருக்கூத்தைப்போல் விடிய விடிய நடக்கும் சத்தீஸ்கர் நாட்டுக் கூத்து. ஆடவரே பெண்வேடம் புனைவர். கோமாளிகள் ஊர்ப் பெரிய மனிதரையும் பூசாரியையும் வட்டிக்கடைக்காரரையும் எள்ளுவர். இடையிடையே ஆடலும் பாடலும் நிகழும். அவ்விரவு அவர் கண்ட கலைஞர்களுட் சிலரை அழைத்தார். மதன்லால், தாக்கூர்ராம், புல்வாராம், லாலுராம் முதலிய அறுவர் அவரோடு தில்லிக்குச் சென்றனர். சூத்திரகரின் மிருச்சகடிகத்தைத் தழுவிய 'மிட்டி கி காடி' அவர்களோடு அரங்கேறியது. மறு ஆண்டில், பின்னர் தம் வாழ்க்கைத் துணைவியான மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து 'நயா தியேட்டர்' என்னும் குழுவினைத் தொடங்கினார்.

இனி வருவது நம் போன்ற ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. சிற்றூர்க் கலைஞரை மேடையேற்றியவுடன் எல்லாம் கைகூடிவிடவில்லை. சொந்த ஊரில் இரவு முழுதும் சலிப்பின்றி ஆடியவர்கள், தில்லி மேடையில் கட்டுண்டவர்போல் நின்றனர். காரணம் என்னவென்று கண்டுகொள்ளத் தமக்குப் பல்லாண்டுகள் பிடித்தன என்று தன்வீரே ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கின்றார். ஒன்று, பழக்கமில்லாத இந்தி மொழியை அவர்கள் நாவில் ஏற்றியது. மற்றொன்று, இங்கே நில், அங்கே திரும்பு என்று தாம் வெளிநாட்டில் கற்ற முறைப்படி அடிக்கோடு போட்டு அவர்களை நடத்தியது. கற்றோன் ஒருவன் தான் கற்ற முறையே பிழை என ஒப்புக்கொள்வது எளிதன்று. முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவர் என்ற முறையில் சொல்கின்றோம், எளிதே அன்று.

1970 ஆம் ஆண்டுக்குப்பின் அவர் முறையை மாற்றினார். கலைஞர்கள் தம் சத்தீஸ்கரி மொழியிலேயே பேசினர். எழுதி வைத்த உரையின்றித் தாமே சொல்லை இட்டுக்கட்டினர். 1973 இல் இராய்ப்பூரில் நடந்த பயிற்சி முகாமில் பழைய நாச்சாத் துண்டுகளை இணைத்து ஒரு முழு நாடகம் உருவாயிற்று. அதனை இணைத்த நூல் வசனமன்று, பாட்டே. ஊரில் விழாக்காலங்களில் பாடப்படும் பாடல்கள் காட்சிகளின் நடுவே வந்து அமர்ந்தன. ஆடவர் மட்டுமே ஆடிய கூத்தில், ஊர் ஊராய்ச் சென்று பாடிப் பிழைக்கும் தேவார் என்னும் நாடோடிக் குலத்துப் பெண்களும் சேர்ந்தனர். அவருள் ஒருவரே பின்னர் இந்திய நாடக உலகம் கொண்டாடிய ஃபிதாபாய்.

இவ்வளவும் முன்னுரையே. நாம் சொல்லவந்தது 'சரண்தாஸ் சோர்' நாடகத்தைப் பற்றி. இராஜஸ்தானத்து எழுத்தாளர் விஜயதான் தேதா திரட்டி எழுதிய நாட்டுக் கதைகளுள் ஒன்று இதன் மூலம். சரண்தாஸ் ஒரு திருடன். காவலனிடமிருந்து தப்பி ஓடுகையில் குருவொருவரின் மடத்தில் நுழைகின்றான். பொன் தட்டில் உண்ணேன், யானைமீது ஊர்வலம் செல்லேன், அரசியை மணவேன், அரசனாக ஒப்பேன் என்று நான்கு சூளுரை செய்கின்றான். திருடனுக்கு இவையெல்லாம் எங்கே கிடைக்கப்போகின்றன என்று கேட்போர் சிரிக்கின்றனர். ஐந்தாவதாகக் குரு ஒன்று கேட்கின்றார்: பொய் சொல்லலாகாது. அதற்கும் இசைகின்றான். திருட்டை விடவில்லை, சொன்ன சொல்லையும் விடவில்லை. கதை வளர வளர நான்கும் அவனைத் தேடி வருகின்றன. இறுதியில் அரசி அவனை மணக்க விழைகின்றாள். மறுக்கின்றான். மறுத்ததையேனும் வெளியே சொல்லாதே என்கின்றாள். கேட்டால் பொய் சொல்ல மாட்டேனே என்கின்றான். கொல்லப்படுகின்றான்.

1974 இல் பிலாய் நகரில் நடந்த முகாமில் இக்கதையைத் தன்வீர் கலைஞர்களிடம் சொன்னார். அப்போது பெயர் 'சோர் சோர்' என்பதே. சிரிக்கவைத்துப் பழகிய நாச்சாக் கலைஞர்களுக்குத் தலைவன் மாண்டு முடியும் கதை புதிது. சிரிப்பில் தொடங்கிச் சாவில் முடியும் இக்கதையை எந்த இசை தாங்கும்? இயக்குநரின் முன் நின்ற வினா இதுவே. பம்பாயில் இருந்தவர், திரைப்பட இசையமைப்பாளரை அழைத்திருக்கலாம். ஐரோப்பாவில் கேட்ட மெட்டுகளைத் தழுவியிருக்கலாம். தாமே கவிஞர்; மெட்டறிந்தவர்; தாமே எழுதிப் பாடியிருக்கலாம். எதனையும் செய்யாமல் அவர் சத்நாமியரிடம் சென்றார்.

சத்நாமியர் யார் என்பதை நம் வாசகர் சற்று விரிவாக அறிதல் நலம். சத்தீஸ்கரில் தோல் தொழிலோடு இணைத்துத் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட, பெரும்பாலும் உழவுத் தொழில் புரிந்த மக்களிடையே, 1756 ஆம் ஆண்டு கிரௌத்புரியில் தோன்றியவர் குரு காசிதாஸ். உருவ வழிபாடு வேண்டா, மதுவும் புலாலும் வேண்டா, மாந்தர் அனைவரும் ஒன்றே, சத்தியமே இறைவனின் பெயர் என்று அவர் போதித்தார். சத் நாம், அதாவது மெய்யே பெயர். அவர்வழி நின்ற மக்கள் தம்மைச் சத்நாமியர் என அழைத்துக்கொண்டனர். பிறர் இட்ட இழிபெயரைத் தள்ளித் தாமே தமக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்தம் ஊர்களில் ஜைத்காம் என்னும் வெள்ளைக் கம்பம் நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் வெண்கொடி பறக்கும்.

அக்கம்பத்தைச் சூழ்ந்து ஆடும் ஆட்டமே பந்த்தி. (நம்மூர் விருந்துப் பந்தியோடு இதற்கு உறவில்லை, பந்த்தியை விருந்து என்றெண்ணி மாணவன் ஒருவன் நம்மிடம் ஐயம் கேட்டதுண்டு.) வெள்ளை வேட்டி, காலிற் சலங்கை, மாந்தர் என்னும் இருமுகத் தோற்கருவியும் ஜாஞ்ஜ் என்னும் பெருந்தாளமும் துணை. ஒருவர் பாட்டெடுக்க மற்றையோர் வட்டமாய்ச் சுற்றி ஏற்றுப் பாடுவர். பாட்டு குருவின் வாழ்வையும் மெய்யின் பெருமையையும் கூறும். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாய் விரைந்து, முடிவில் கண் தொடர இயலா வேகத்தை எட்டும். ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரமாய் நிற்பதும் உண்டு.

பிலாயில் சத்நாமியர் பெருந்திரளாய்க் கூடிப் பந்த்தி நிகழ்ச்சி நடத்திய சமயத்தில், தாம் இன்னும் செம்மை செய்யாத நாடகத்தை அவர்கள் முன் காட்ட இசைவு பெற்றார் தன்வீர். மெய்யையே இறையென்று கொண்டவர்களுக்கு மெய்க்காக மாண்ட திருடனின் கதை. மேடைக்கு வெளியே அவர்கள் பாடிக்கொண்டிருந்த அதே பாட்டு மேடைமேல் ஏறியது. சத்நாமியரின் பந்த்திப் பாடல் நாடகத்தின் முகப்பாகவும் முடிவாகவும் அமைந்தது. இடையில் வரும் பாடல்கள் பலவற்றிற்கு ஊர்ப்புலவர்களைக் கொண்டே நாட்டு மெட்டில் சொல் எழுதுவித்தார். ஸ்வர்ண குமார் சாஹூவின் பெயர் அவர்களுள் குறிப்பிடத்தக்கது.

இத்தேர்வின் அருமையை நாம் இருவகையாக உணர்கின்றோம். கதையின் உயிர்நாடி பொய் சொல்லாமை. அதனைத் தத்துவமாய் அன்றி வாழ்க்கையாய்க் கொண்டிருந்த மக்களின் குரலிலிருந்தே இசை பிறந்தது. வேறெவ்விசையும் அக்கதையைப் புகழ்ந்திருக்கும், அலங்கரித்திருக்கும். இவ்விசையோ அதற்குச் சான்று கூறியது. அன்றியும், பந்த்தியின் தாளம் விரைந்து விரைந்து இறுகுவது போன்றே சரண்தாஸின் வாழ்வும் வேடிக்கையாய்த் தொடங்கி விடுபடவியலா முடிச்சாய் இறுகுகின்றது. இதனை அவர் திட்டமிட்டுச் செய்தாரோ, செவியால் உணர்ந்து செய்தாரோ, நாம் அறியோம். மண்ணின் இசையில் பழகிய செவிக்கு இரண்டும் ஒன்றே போலும்.

நாடகத்தில் வேறோர் ஆட்டமும் உண்டு. அது ராவுத் நாச்சா எனப்படும் ஆயர் ஆட்டம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் ஆயர்கள் கோலேந்தி, பறை முழங்க, வீடுதோறும் ஆடிச்சென்று தானியமும் பரிசிலும் பெறுவது அந்நாட்டு வழக்கம். பண்ணையாரின் நெற்களஞ்சியத்தைத் திருடிப் பசித்தவர்க்குக் கொடுக்க எண்ணும் சரண்தாஸ், அவ்வாட்டக்காரரைத் துணைக்கொள்கின்றான். ஆட்டத்தின் ஆரவாரத்திலேயே களஞ்சியம் காலியாகின்றது. காண்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். ஆனால் அதற்குள் என்ன நிகழ்கின்றது என்று பாருங்கள். ஆண்டுதோறும் கையேந்தி ஆடிப் பெற்ற நெல்லை அதே ஆட்டத்தால் இவ்வாண்டு அள்ளிச் செல்கின்றனர். ஆட்டத்தை மாற்றவில்லை. தாளத்தை மாற்றவில்லை. பொருள் மட்டும் தலைகீழாயிற்று.

மேடையோ மிக எளியது. சற்றே உயர்த்திய செவ்வக மேடையொன்று, பின்னால் இலையோடு கூடிய மரக்கிளையொன்று. இசைக் கலைஞர்கள் திரைமறைவிற்குச் செல்வதில்லை. ஆர்மோனியமும் தபலாவும் தாளமுமாக எல்லோரும் காணும்படி மேடையோரத்திலேயே அமர்ந்திருப்பர். எவர் பாடுகின்றார் என்பது காண்போர்க்குத் தெரியவேண்டும். மேலே நாம் கூறிய வேப்பமரத்தடிப் பெரியவர் அக்குழுவில் இருந்திருப்பின் அவருக்கும் ஓரிடம் மேடைமீதே கிடைத்திருக்கும்.

1975 இல் நாடகம் தில்லியில் அரங்கேறியது. அதே ஆண்டில் ஷியாம் பெனகல் இதனைத் திரைப்படமாக்கினார். 1982 இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நாடக விழாவில் 'ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட்' என்னும் விருதினை இந்நாடகம் பெற்றது. சத்தீஸ்கரி மொழியில் ஒரு சொல்லும் அறியாத வெள்ளையர் முன்னிலையில் அதே மொழியிலேயே நடந்தது. வெளிநாடு செல்கின்றோமே என்று பாட்டைக் குறைக்கவோ மேனாட்டுக் கருவிகளைச் சேர்க்கவோ அவர் முற்படவில்லை. ஆண்டுகள் பல கடந்தன; நடிகர் பலர் மாறினர்; சரண்தாஸாக மதன்லாலும், கோவிந்தராம் நிர்மல்கரும், தீபக் திவாரியும் என ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். பந்த்தி மாறவில்லை. நாட்டார் இசை என்றாலே அது பழைய கதைக்குத்தான் உரியது என்பாரும் உண்டு. ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவையும் பிரெக்டின் செட்சுவான் நல்லாளையும் அதே கலைஞர்களைக்கொண்டு அதே மண்ணின் மெட்டுகளில் நடத்தி அக்கூற்றைப் பொய்யாக்கினார் அவர்.

நாச்சாக் கலைஞரின் பழைய துண்டு நாடகங்களுள் 'ஜமாதாரின்' என்று ஒன்றுண்டு. 'போங்கா பண்டிட்' என்றும் பெயர். துப்புரவுத் தொழிலாளப் பெண்ணொருத்தி கோயிலுள் நுழைந்ததால் பூசாரி படும் பாட்டை எள்ளி நகைக்கும் கூத்து. தன்வீருக்கு நெடுங்காலம் முன்னரே கூத்துக் கலைஞர்கள் ஆக்கியது. 1992 க்குப் பின் இதனை மேடையேற்றியபோதெல்லாம் கலகம் விளைவிக்கப்பட்டது. அவர் நிறுத்தவில்லை. இது இசையைப் பற்றிய செய்தியன்று. எனினும் இம்மலரில் இதனைக் குறியாது செல்ல நமக்கு மனம் வரவில்லை.

மற்றொன்றையும் மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு முறையாகாது. ஹபீப் தன்வீர் 2009 ஜூன் 8 ஆம் நாள் போபாலில் மறைந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சத்தீஸ்கர் அரசு 'சரண்தாஸ் சோர்' நூலுக்குத் தடை விதித்தது. முறையிட்டவர் வேறு யாருமல்லர். சத்நாமி சமூகத்துக் குருவொருவரே. நூல் தம் நெறியை இழிவுபடுத்துகின்றது என்பது குற்றச்சாட்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் எந்த மக்களின் பாட்டால் அந்நாடகம் உயிர்வாழ்ந்ததோ, அம்மக்களுள்ளிருந்தே எழுந்த மறுப்பு. நாடகக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் நாடெங்கும் கண்டித்தனர்.

இதுபற்றி நாம் பலநாள் சிந்தித்ததுண்டு. அரசாணையால் ஒரு நூலைத் தடுப்பது நமக்கு உடன்பாடன்று. ஆனால் முறையிட்டவரை அறியாதவர் என்று நகரத்து அறிஞர்கள் சிலர் ஒதுக்கியதும் நமக்கு உடன்பாடன்று. நூற்றாண்டுகளாகத் தம் பெயரையே பிறர் வாயில் இழிசொல்லாகக் கேட்ட மக்கள், தம் குருவின் பெயர் எங்கே எவ்வாறு வருகின்றது என்று நெருங்கிப் பார்ப்பதில் வியப்பென்ன இருக்கின்றது? தம் பாட்டு எடின்பரோ வரை சென்றது என்பதில் பெருமை கொள்ளவும், அதைக் கொண்டுசென்றவரைக் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு. தன்வீர் உயிரோடிருந்திருப்பின் 1974 இல் செய்தது போன்றே அவர்கள் முன் சென்று நாடகத்தை நடத்திக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பார் என்று நாம் கருதுகின்றோம். இது நம் கருத்து மட்டுமே.

அவர் மறைவுக்குப் பின் அவர்தம் மகள் நகீன் தன்வீர் குழுவினை ஏற்றார். நடிப்பினும் பாட்டிலேயே சிறந்தவர் அவர். தந்தையின் நாடகங்களில் இடம்பெற்ற சத்தீஸ்கர் பாடல்களை மேடைதோறும் பாடிவந்தார்.

நம் பள்ளியில் அதற்கு அடுத்த ஆண்டு அதே ஏரிக்கரை நாடகத்தைப் பிள்ளைகளைக்கொண்டு மீண்டும் நடத்தினோம். பெரியவரை அழைக்க நாமே அவர் வீட்டிற்குச் சென்றோம். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். "பேரப்பிள்ளைக்கு அடி சொல்லிக் கொடுத்திருக்கேன் ஐயா, அவன் அடிப்பான்" என்றார். பன்னிரண்டு வயதுப் பையன் மேடையோரத்தில் நின்று அடித்தான். இரண்டோரிடத்தில் அடி தவறியது. ஒலிபெருக்கி வேண்டியிருக்கவில்லை.